செக்குமாட்டுக்குக் கண் திறப்பவர்கள்

ரேஸ் கேம்களில் நம்மோடு போட்டி போடும் கம்ப்யூட்டர் டிரைவர்களை வேகமாக ஓட வைப்பது எளிது. மனிதரைப் போலத் தடுமாற வைப்பதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கும் ‘மாடர்’களின் உலகத்துக்குள் ஒரு சுற்று.

மிலான் நகரத்துக்குப் பக்கத்தில், ஒரு பெரிய பூங்காவுக்குள் இருக்கிறது மோன்ஸா பந்தயப் பாதை. ஒரு சுற்று 5.793 கிலோமீட்டர். சிவப்பு விளக்குகள் அணைந்ததும் இருபது கார்கள் நேர்ப்பாதையில் சீறுகின்றன. அதன் முடிவில் வலப்பக்கம் ஒரு வெட்டு, உடனே இடப்பக்கம் ஒரு வெட்டு. பந்திக் கதவைத் திறந்ததும் கல்யாணக் கூட்டம் மொத்தமும் ஒரே வாசலில் முண்டுவது போல, இருபது பேரும் அந்த இடுக்கில் நுழைந்தாக வேண்டும்.

நிஜப் பந்தயத்தில் அந்த இடத்தில் பல கணக்குகள் ஓடும். பக்கத்தில் வருபவன் முரடனா? பின்னால் இருப்பவன் எங்கே பிரேக் மிதிப்பான்? இப்போது விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரம் மதிப்பானா? கம்ப்யூட்டரில் கதை வேறு. நீங்கள் ஒழுங்காகப் பிரேக் போட்டுத் திரும்புகிறீர்கள். பின்னாலிருந்து ‘டம்’. உங்கள் கார் சுழன்று ஓரத்தில் போய் நிற்கிறது. இடித்தவன் ஒன்றுமே நடக்காதது போலப் போய்க்கொண்டே இருக்கிறான்.

“அவன் மேல கோபப்பட்டு என்ன பிரயோஜனம் மாமா? நீங்க அங்க இருக்கறது அவனுக்குப் பாதிதான் தெரியும்” என்றான் என் அக்கா மகன். மேசையைக் கவ்விப் பிடித்த ஸ்டீயரிங், தரையில் பெடல்கள், காதில் ஹெட்போன். அவன் அறையே பாதிக் காராக மாறியிருந்தது. “செக்குமாடு மாதிரி. பாதை அதோட காலுக்குத் தெரியும். குறுக்க யார் வந்தாலும் அதுக்குக் கவலை இல்ல.”

செக்கைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கக்கூடிய பையன். ஆனாலும் உவமை கச்சிதம். அந்த மாட்டின் கண்ணில் கட்டியிருக்கும் துணியை அவிழ்க்க உலகம் முழுவதும் ஒரு கூட்டம் முப்பது ஆண்டுகளாகப் போராடுகிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஒருவர் ஓட்டிய ஒரு சுற்று

அவன் ஆடிக்கொண்டிருந்தது ‘அசெட்டோ கோர்ஸா’. ரோமுக்கு அருகிலுள்ள வல்லேலுங்கா பந்தயப் பாதையில் அலுவலகம் வைத்து இயங்கிய குனோஸ் சிமுலாஸியோனி என்ற இத்தாலிய நிறுவனத்தின் படைப்பு. 2014 டிசம்பரில் முழுமையாக வெளிவந்தது. பத்து ஆண்டுகள் தாண்டியும் அது மூப்படையாமல் இருப்பதற்கு, ரசிகர்கள் தாங்களே செய்து சேர்த்த கார்களும் பாதைகளும்தான் முக்கியக் காரணம். கேமின் உள்ளே கைவைத்து இப்படி மாற்றுவதற்குப் பெயர் ‘மாட்’. செய்பவர் ‘மாடர்’.

இந்த கேமில் ஒரு பாதையில் போட்டியாளர்கள் ஓட வேண்டுமென்றால், அந்தப் பாதையின் ஃபோல்டருக்குள் ‘ஃபாஸ்ட் லேன்’ என்றொரு ஃபைல் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் தனியாகச் சுற்றலாம், எதிராளி கிடையாது. அந்த ஃபைல் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தபோதுதான் எனக்கு இந்த விஷயத்தில் ருசி தட்டியது. அதை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஓட்டித்தான் உண்டாக்குகிறார்கள்.

மாடர் ஒரு காரை எடுத்துக்கொண்டு பதிவுப் பொத்தானைத் தட்டிவிட்டு ஒரு முழுச் சுற்று ஓட்டுவார். கார் எந்த இடத்தில் இருந்தது, என்ன வேகம், ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு, பிரேக் எவ்வளவு என்பதெல்லாம் புள்ளி புள்ளியாகப் பதிவாகும். பாதையின் இடது ஓரமும் வலது ஓரமும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதும் அதோடு சேரும். சில மாடர்கள் அதற்காகவே இடது ஓரத்தை ஒட்டி ஒரு சுற்று, வலது ஓரத்தை ஒட்டி ஒரு சுற்று என்று பொறுமையாக ஊர்ந்து வருவார்கள். கோயில் பிரகாரத்தைச் சுற்றுவது போன்ற வேலை அது. பிறகு, டயர் மாற்ற ஒதுங்கும் பிட் பாதைக்குத் தனியாக ஒரு பதிவு.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தப் பாதையில் ஓடும் எல்லாக் கம்ப்யூட்டர் டிரைவர்களும் அந்த ஒரு மனிதர் போட்ட கோட்டைத்தான் பின்தொடர்வார்கள். திரையில் தெரியும் இருபது பெயர்களுக்கும் அடியில் இருப்பது ஒரே ஆளின் ஒரே சுற்று.

கைபழகிய மாடர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம், வேகமான சுற்றைப் பதிவு செய்யாதே, வழுவழுப்பான சுற்றைப் பதிவு செய் என்பது. வேகத்தைக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் கோட்டின் வளைவிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளும். கோடு நெளிந்தால் அதை ஒரு திருப்பம் என்று நம்பிவிடும்.

அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசையில் நானும் ஒரு சுற்றுப் பதிவு செய்தேன். யாரோ ஒருவர் செய்து இலவசமாகக் கொடுத்திருந்த ஒரு சிறிய பாதை. அழகான மரங்கள், ஒரு பாலம், இரண்டு ஏற்றம். போட்டியாளர்கள் மட்டும் இல்லை. மூன்று சுற்றுப் பழகிவிட்டு நான்காவதில் பதிவு. பாலம் தாண்டிய நேர்ப்பாதையில் மூக்கு அரித்தது. ஒரு கையை எடுத்தேன். ஸ்டீயரிங் லேசாக ஆடியது. ஒரு நொடிகூட இருக்காது.

பந்தயம் வைத்தோம். பாலம் தாண்டியதும் முதல் கார் நெளிந்தது. இரண்டாவது நெளிந்தது. மூன்றாவது, நான்காவது... வரிசையாகப் பன்னிரண்டு கார்களும் அதே இடத்தில் வேகம் குறைத்து, மூக்கு அரித்தது போல நெளிந்துவிட்டுப் போயின. அக்கா மகன் நாற்காலியிலிருந்து விழாத குறை.

0.97 என்னும் கடிவாளம்

கோடு பதிவானது பாதி வேலை. மீதி வேலை அதைச் செதுக்குவது.

பாதைக்கென்று ‘ஹின்ட்’ ஃபைல் ஒன்று உண்டு. மொத்தச் சுற்றையும் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை அளந்துகொண்டு, எங்கிருந்து எங்கு வரை என்ன மாற்றம் என்று அதில் எழுத வேண்டும். உதாரணமாக 0.42 முதல் 0.45 வரை மதிப்பு 0.97 என்று எழுதினால், சுற்றின் அந்தத் துண்டில் மட்டும் எல்லா டிரைவர்களும் சற்றே அடக்கி வாசிப்பார்கள். 1.03 என்று எழுதினால் துணிச்சல் கூடும். பிரேக்குக்கு ஒரு வரி தனி. சுவர் ஒட்டி இருக்கும் இடங்களில் இந்தப் பக்கம் ஆபத்து என்று எச்சரிக்க இன்னொரு வரி.

ஒரு திருப்பத்துக்கு ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க மாடர் என்ன செய்வார்? இருபது கார்களை ஓட விட்டுவிட்டு, தான் ஓட்டாமல் அந்தத் திருப்பத்தின் வேலியோரக் கேமராவில் உட்கார்ந்து பார்ப்பார். 0.97-இல் யாரும் தப்புவதில்லை, ஆனால் உயிரும் இல்லை. 0.99-இல் எட்டுப் பேர் மண்ணில் இறங்குகிறார்கள். 0.98-இல் ஐந்து சுற்றுக்கு ஒரு முறை ஒருவன் மட்டும் அகலமாகப் போய்ச் சமாளித்து உள்ளே வருகிறான். அதுதான் வேண்டியது. அந்த இரண்டாவது தசம இடத்துக்காக விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் மாடர் என்று பெயர்.

காருக்கும் ஒரு ஃபைல் உண்டு. அதைத் திறந்தால் ஒரு வைத்தியரின் குறிப்பேடு போல இருக்கும். என் அக்கா மகன் எழுதி வைத்திருந்த நோய்ப் பட்டியலைக் கொஞ்சம் சீர்செய்து கீழே தருகிறேன்.

நோயும் மருந்தும்

*நோய்: நேர்ப்பாதையில் இடமும் வலமுமாக ஆடுகிறான்.* மருந்து: பார்வைத் தூரத்தைக் கூட்டு. எத்தனை மீட்டர் முன்னால் பார்த்து ஸ்டீயரிங் திருப்ப வேண்டும் என்று காரின் ஃபைலில் ஒரு எண் உண்டு. அது குறைந்தால், சைக்கிள் கற்றுக்கொள்ளும் பையன் முன் சக்கரத்தையே பார்த்துத் தள்ளாடுவது போல ஆகும். அதிகமானால் திருப்பத்தின் உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு போவான்.

*நோய்: கியர் மாற்றாமல் எஞ்சினை அலற விடுகிறான்.* மருந்து: அடுத்த கியருக்கு மாற வேண்டிய சுழற்சி எண்ணைக் குறை. அந்த எஞ்சின் தொடவே முடியாத ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், பாவம், அந்தத் தருணத்துக்காகக் காத்துக்கொண்டே முதல் கியரில் சுற்றி வருவான்.

*நோய்: ஒரே திருப்பத்தில் எல்லோரும் மண்ணில் இறங்குகிறார்கள்.* மருந்து: மேலே சொன்ன ஹின்ட். ஒன்றுக்குக் கீழே.

*நோய்: பக்கத்தில் போனால் உரசுகிறான், அல்லது தேவையில்லாமல் புல்லில் இறங்குகிறான்.* மருந்து: பாதையின் ஓரங்களை மறுபடி அளந்து பதிவு செய். பாதை எவ்வளவு அகலம் என்பதே அவனுக்குத் தவறாகத் தெரிந்திருக்கிறது.

*நோய்: பிட்டுக்குள் போனவன் வெளியே வரவில்லை.* மருந்து: பிட் பாதையின் பதிவு பிரதானக் கோட்டோடு சரியாக இணைகிறதா என்று பார்.

பட்டியலின் கடைசியில் ஒரு வரியை அடித்துத் திருத்தி எழுதியிருந்தான்: “எதுவும் சரியாகாவிட்டால் அல்ட்ரா கிரிப். ஆனால் அது கள்ளாட்டம்.” டயருக்கு இல்லாத பிடிப்பைக் கம்ப்யூட்டர் டிரைவருக்கு மட்டும் கொடுக்கும் வரி அது. அசெட்டோ கோர்ஸாவின் பெருமையே, நமக்குள்ள அதே இயற்பியல் விதிகளில்தான் எதிராளியின் காரும் ஓடுகிறது என்பது. அந்த ஒரு வரியைக் கூட்டினால் பெருமை போய்விடும்; பந்தயம் சுவாரசியமாகிவிடும். எந்தப் பக்கம் நிற்பது என்பது மாடரின் மனச்சாட்சியைப் பொறுத்தது.

பீதிக்கும் ஒரு கோடு

இந்தக் கலை அசெட்டோ கோர்ஸாவில் தொடங்கியதல்ல. 1990-களின் தொடக்கத்தில் ஜெஃப் க்ராமண்ட் என்ற ஆங்கிலேயர் செய்த ஃபார்முலா ஒன் கேமில் டிரைவர்களுக்குக் கற்பனைப் பெயர்கள்தான் இருந்தன. ரசிகர்கள் செய்த முதல் வேலை நிஜப் பெயர்களைப் போடுவது. அதாவது மாட் என்பது பெயர்சூட்டு விழாவாகத்தான் ஆரம்பித்தது. 1996-இல் வந்த அதன் இரண்டாம் பாகம் 1994-ஆம் ஆண்டு சீசனைக் கொண்டிருந்தது. நிஜத்தில் சீசன்கள் மாற மாற, ரசிகர்கள் கார்களுக்கு வண்ணம் மாற்றி, டிரைவர்களின் பலத்தை மாற்றி அந்த கேமைக் காலத்தோடு ஓட வைத்தார்கள்.

பெயரைத் தாண்டிக் குணத்துக்குள் போக வழி திறந்தவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த பாப்பிரஸ் நிறுவனத்தார். டேவிட் கேம்மர் அதன் நிறுவனர்களில் ஒருவர். அவர்கள் உருவாக்கி 1998-இல் வந்த ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’ 1967-ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் உலகத்தைத் திரையில் கொண்டுவந்தது. கார்களில் காற்றழுத்தச் சிறகுகள் கிடையாது, டயர்கள் மெலிந்தவை, நூர்பர்க்ரிங் பாதை ஒரு சுற்றே ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர்.

அந்த கேமின் ஒரு பாதையைத் திறந்து பார்த்தால் ஒரு கோடு அல்ல, ஒரு கட்டுக் கோடுகள் இருக்கும். பந்தயம் ஓட ஒன்று. முந்திச் செல்ல இரண்டு. பந்தயத்தின்போது இடமும் வலமும் எதுவரை போகலாம் என்பதற்கு எல்லைக் கோடுகள். இவற்றையும் தாண்டி இரண்டு கோடுகள் உண்டு. அவற்றின் பெயரில் ‘பேனிக்’ என்ற சொல் இருக்கும். எதிரே கார் குறுக்காக நின்றால், உயிர் தப்ப எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கான கோடு. பீதிக்குக்கூட எல்லை வரைந்து வைத்திருந்தார்கள். ரசிகர்கள் புதிய பாதைகளைச் செய்தபோது இந்த எல்லாக் கோடுகளையும் தாங்களே போட்டார்கள். முந்தும் கோட்டை மோசமாகப் போட்டால் பந்தயம் முழுக்க யாரும் யாரையும் முந்தாத ஊர்வலம்; பீதிக் கோட்டை அகலமாகப் போட்டால் மரத்தில் மோதல்.

அதே நிறுவனம் உருவாக்கி 2003-இல் வந்த, நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தயத்துக்கான கேமில் வேறொரு நுட்பம் இருந்தது. டிரைவரின் ஆவேசம், நிதானம், தகுதிச் சுற்றுத் திறமை என்று பலவற்றுக்கும் எண் கொடுக்கலாம். ஒற்றை எண் அல்ல, கீழெல்லை ஒன்று, மேலெல்லை ஒன்று. ஒவ்வொரு பந்தயத்துக்கும் அந்த இடைவெளிக்குள் ஓர் எண் விழும். இன்றைக்கு அவனுக்கு நல்ல நாள், நாளைக்கு மோசமான நாள். இடைவெளி குறுகியவன் நம்பிக்கையான ஊழியன். இடைவெளி அகன்றவன் மேதை அல்லது தொல்லை. ஒரு மனிதனை இரண்டு எண்களுக்குள் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

பாப்பிரஸ் 2004-இல் மூடப்பட்டது. அந்த நாஸ்கார் கேமுக்கு அதன் பிறகும் ஆண்டுதோறும் புதிய டிரைவர்கள் பிறந்துகொண்டே இருந்தார்கள். பெற்றவர்கள் போன பிறகு ஊர் கூடி வளர்த்த குழந்தை அது. கேம்மர் அடுத்துக் கட்டிய ‘ஐரேசிங்’ மனிதர்கள் இணையத்தில் ஒருவரோடு ஒருவர் மோதும் களமாக 2008-இல் வந்தது. அங்கேயும் 2019-இல் கம்ப்யூட்டர் டிரைவர்கள் நுழைந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய குணங்களின் வரிசையில் திறமை, ஆவேசம், வழுவழுப்பு ஆகியவற்றோடு ‘நம்பிக்கை’ ஒன்று, ‘வயது’ ஒன்று. இடம் கிடைக்கும் என்று நம்பி மூக்கை நுழைக்கிற குணத்துக்கு ஒரு பொத்தான்!

நரேனுக்கு எத்தனை மார்க்?

இப்போது நம் ஊர் ஆள் ஒருவர் வருகிறார்.

மிச்சிகனைச் சேர்ந்த இமேஜ் ஸ்பேஸ் நிறுவனத்தின் ‘ஆர்ஃபேக்டர்’ 2005-இல் வெளிவந்தது. மாடர்களுக்கென்றே கதவைத் திறந்து வைத்த கேம். ஒவ்வொரு கம்ப்யூட்டர் டிரைவருக்கும் ‘டேலன்ட்’ ஃபைல் ஒன்று. ஆவேசம், மரியாதை, பதற்றமின்மை, வேகம், மழையில் வேகம், விபத்துக்குள்ளாகும் சுபாவம் என்று வரிசையாக எண்கள். பள்ளிக்கூட ராங்க் கார்டேதான்.

அதே 2005-இல்தான் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் நுழைந்தார். அந்த சீசனை ஒரு மாடர் செய்ய உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நரேனுக்கு எத்தனை மார்க் போடுவார்?

முடிவுப் பட்டியலை மட்டும் பார்த்தால் கடைசி வரிசை. ஆனால் ஜோர்டான் கார் அந்த ஆண்டின் மெதுவான கார்களில் ஒன்று. பின்தங்கியதில் கார் எவ்வளவு, ஆள் எவ்வளவு? காரையும் குறைத்து ஆளையும் குறைத்தால் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை. அதனால் விவரமான மாடர்கள் முதலில் ஒரே அணியின் இரண்டு டிரைவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கார் ஒன்றுதான் என்பதால் இருவருக்கும் உள்ள இடைவெளி ஆளின் இடைவெளி. பிறகு மழைப் பந்தயங்கள். பிறகு முடிக்காமல் போன பந்தயங்கள்: எஞ்சின் போனதா, ஆள் விட்டாரா என்று ஒவ்வொன்றையும் பிரிப்பார்கள். பத்திரிகைகளில் வரும் எத்தனையோ பந்தய விமர்சனங்களைவிட நியாயமான விசாரணை இது.

அப்படியும் ஓரிடத்தில் கணக்குத் தோற்கும். 2005 ஜூனில் இண்டியானாபொலிஸில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீ. டயர் பாதுகாப்புப் பிரச்சினையால் மிஷலின் டயர் போட்ட பதினான்கு கார்களும் பந்தயம் தொடங்கும் முன்பே பிட்டுக்குள் திரும்பிவிட்டன. ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த புள்ளிகள் அவை மட்டும்தான். எந்த டேலன்ட் ஃபைலில் எந்த எண்ணைப் போட்டாலும் அந்தப் பந்தயத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பதினான்கு பேர் ஒரே நேரத்தில் ‘மாட்டேன்’ என்று சொல்வதற்கு எந்த கேமிலும் பொத்தான் இல்லை.

பிறகு கோட்மாஸ்டர்ஸ் நிறுவனத்தின் அதிகாரபூர்வ ஃபார்முலா ஒன் கேம்களில் நரேனும், அவருக்கு முந்தைய ஆண்டு சென்னையின் கருண் சந்தோக்கும் ஹிஸ்பானியா அணியின் கம்ப்யூட்டர் டிரைவர்களாக வந்தார்கள். உலகமெங்கும் லட்சக்கணக்கான வீடுகளில் அவர்களை ஒரு சுற்றுப் பின்தள்ளிக் கடந்து போனவர்களில் எத்தனை பேர், அந்த மெதுவான காரில் உட்கார்ந்திருந்தது நிஜ மனிதர் என்று யோசித்திருப்பார்கள்?

வரைபடம் இல்லை, கண் மட்டும்

செக்குமாட்டுக்கு நேர் எதிரான ஒரு மாடும் உண்டு. எரிக் எஸ்பியே, கிறிஸ்டோஃப் கியோனோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய ‘டார்க்ஸ்’ என்ற இலவச கேமில் எண்ணை மாற்றுவதோடு வேலை முடியாது. டிரைவரின் மூளையையே நிரலாக எழுத வேண்டும். கேம் ஒவ்வொரு கணமும் உங்கள் நிரலைக் கூப்பிட்டு, இப்போது ஸ்டீயரிங் எவ்வளவு, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு, பிரேக் எவ்வளவு, எந்த கியர் என்று கேட்கும். பதில் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. மனிதர் யாரும் ஸ்டீயரிங்கைத் தொடாமல், நிரல்களை மட்டும் மோதவிட்டுப் போட்டிகள் நடந்தன.

2008-லிருந்து சில ஆண்டுகள் ஆய்வாளர்கள் இதை வைத்துப் ஆய்வு மாநாடுகளில் ஒரு சாம்பியன்ஷிப் நடத்தினார்கள். அதில் டிரைவருக்குப் பாதையின் வரைபடம் கொடுக்கப்படாது. பத்தொன்பது கதிர்கள் மட்டும் கொடுக்கப்படும். ஒவ்வொன்றும் அந்தத் திசையில் பாதையின் ஓரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று 200 மீட்டர் வரை சொல்லும். பக்கத்துக் கார்கள் எவ்வளவு தூரத்தில் என்பதற்குத் தனி உணரிகள். குருடன் கோலைத் தட்டி நடப்பது போல அந்தக் கதிர்களை வைத்து ஓட்ட வேண்டும்.

அசெட்டோ கோர்ஸாவின் டிரைவருக்குப் பாதை மனப்பாடம், பார்வை அரைகுறை. இந்த டிரைவருக்குப் பார்வை உண்டு, பாதை தெரியாது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால்தான் மனிதன். நாம் ஒரு தெருவில் வண்டி ஓட்டும்போது பள்ளம் எங்கே என்ற மனப்பாடமும், குறுக்கே வரும் நாயைப் பார்க்கும் கண்ணும் சேர்ந்துதானே வேலை செய்கின்றன?

ஜெயிக்கத் தெரிந்தவளுக்கு நாகரிகம் கற்றுத்தந்த கதை

‘அதுதான் இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இன்னும் எதற்கு 0.97?’ என்று கேட்கலாம். சோனி நிறுவனத்தின் ஆய்வுக் குழு ‘கிரான் டூரிஸ்மோ’ கேமுக்காக உருவாக்கிய சோஃபி என்ற டிரைவரின் கதை அதற்குப் பதில். 2022 பிப்ரவரியில் ‘நேச்சர்’ ஆய்விதழ் அதை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. சோஃபிக்கு யாரும் கோடு போட்டுத் தரவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன்களில் தானே ஓட்டி, மோதி, விழுந்து, எழுந்து கற்றுக்கொண்டது.

தனியாக ஓடி நேரம் காட்டுவதில் சோஃபி சீக்கிரமே மனிதர்களைத் தாண்டியது. ஆனால் 2021 ஜூலையில் நான்குக்கு நான்கு என்று உலகத்தர வீரர்களோடு மோதியபோது 70-க்கு 86 என்று தோற்றது. அக்டோபரில் மறுபடி வந்து 104-க்கு 52 என்று ஜெயித்தது. இடைப்பட்ட மாதங்களில் ஆய்வாளர்கள் மல்லுக்கட்டியவற்றில் ஒன்று, நாம் மோன்ஸாவில் பார்த்த அதே தலைவலி. மோதினால் தண்டனை குறைவு என்றால் சோஃபி முரடாகிறது. தண்டனை அதிகம் என்றால் பயந்து ஒதுங்குகிறது. எவ்வளவு தண்டனை சரி? ஆயிரம் இயந்திரங்கள் வைத்திருந்தும் அவர்கள் தேடியது அதே இரண்டாவது தசம இடத்தைத்தான்.

மைக்ரோசாஃப்ட்டின் ‘ஃபோர்சா’ 2005-இலேயே இன்னொரு வழியை முயன்றது. ஆடுபவர் ஓட்டும் பாணியைக் கவனித்து, அவரைப் போலவே ஓட்டும் ‘டிரைவட்டார்’ என்ற நகலைச் செய்வது. 2013-இல் அந்த நகல்கள் இணையம் வழியே நண்பர்களின் கேம்களுக்குள் அவர்கள் பெயரோடே வர ஆரம்பித்தன. பிறகென்ன? மனிதர்கள் ஓட்டுவது போலவே நகல்களும் ஓட்டின, அதாவது இடித்துக்கொண்டு. இவர்களின் ஆவேசத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று ஆட்டக்காரர்களே கேட்கும்படி ஆயிற்று. மனிதனைப் போல வேண்டும் என்று கேட்டவர்கள், மனிதன் வந்ததும் கதவைச் சாத்தினார்கள்.

சோஃபியின் சமையலறைக்குள் நம்மை விடமாட்டார்கள். அதன் மூளையைத் திறந்து ஒரு வரியை மாற்ற எந்த ரசிகராலும் முடியாது. மாடர்களின் பழைய கோடுகளும் எண்களும் இன்னும் பிழைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். அவை முட்டாள்தனமானவை, ஆனால் திறந்திருக்கின்றன.

யாருக்காக?

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் இணையத்தில் நிஜ மனிதர்களோடு ஆடிவிட்டுப் போகலாமே என்று அக்கா மகனிடம் கேட்டேன். “ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் எனக்கு நேரம் கிடைக்குது மாமா. நடுவுல அம்மா கூப்பிட்டா நிறுத்தணும். நிஜ ஆளுங்களை நிறுத்தி வைக்க முடியுமா?” என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, “அதோட, ஜிம் கிளார்க் எந்த ஆன்லைன் ரேஸுக்கு வரப்போறார்?” என்றான்.

ஃபார்முலா ஒன் வீரரான ஜிம் கிளார்க் 1968 ஏப்ரலில் ஹாக்கன்ஹைம் பாதையில் இறந்தவர். 1967-ஆம் ஆண்டின் லோட்டஸ் காரில் அவரோடு போட்டியிட வேண்டுமென்றால், யாரோ ஒருவர் அவரைப் பற்றிப் படித்து, பழைய முடிவுகளைத் துருவி, ஆவேசம் இவ்வளவு, பிழை இவ்வளவு என்று ஒரு ஃபைலை எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த எண்களுக்குள் கிளார்க் கொஞ்சம் இருக்கிறார். எழுதியவரும் கொஞ்சம் இருக்கிறார். கம்ப்யூட்டரோடு ஆடுகிறேன் என்று நாம் சொல்வது பாதி உண்மைதான். முகம் தெரியாத ஒருவர் ஒரு நள்ளிரவில் ஓட்டிவிட்டுப் போன சுற்றோடுதான் நாம் ஆடுகிறோம்.

இது எனக்கு உறைத்தது போன மாதம். அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அதே சிறிய பாதை திரையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பதிவு செய்த கோட்டை அவன் அழிக்கவே இல்லை. பாலத்துக்கு முன்னால் இரண்டு கார்களுக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருந்தான். பாலம் வந்தது. முன்னால் போன கார்கள் இரண்டும் மூக்கு அரித்து நெளிந்தன. அந்த அரை நொடியில் இவன் உள்பக்கமாகப் பாய்ந்து இரண்டையும் தாண்டினான். எத்தனை நாளாக இந்த வித்தை என்று கேட்டேன்.

“ரெண்டு வாரமா ஜெயிக்கிறேன்” என்றவன், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னான்: “இது பழகிடுச்சு மாமா. ஒரு நாள் வந்து வேற ஒரு தப்புப் பண்ணிக் குடுங்க.”